டிவிக்குப் பின்னால் எரியவிட்ட விளக்கு

ருவான்வெல்லை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சதீஸுக்கு,

உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சோறு சாப்பிட்டு நீ அங்கே இருக்க வேண்டும் என்று மாரியாத்தாவைக் கும்பிட்டுக்கொண்டு அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கச்சி விஜயகலாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் உன் குரலைக் கேட்டால் காரணத்தை விட்டு வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறேன். அதனால் லீவு முடிந்து நாளைக்கு வெளிநாட்டில் உங்கள் வேலைக் கேம்ப்புக்குத் திரும்பும் உன் கூட்டாளி ஸப்வானிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உன் கட்டிலுக்கு மேலே சுவரில் அம்மா படம், சுற்றிலும் அந்த லைட் பட்டி. வருசத் திவசம் வரைக்கும் இரவு பகலாக எரியும் என்று எழுதியிருந்தாய். பிளக் பக்கத்தில் துவாய் தொங்குவதும் தெரிந்தது. இரண்டு தடவை போன் எடுத்து அணைத்து வை என்றேன், அம்மா விளக்கை எப்படி அணைப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை, உனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவனே நான்தான்.

டிவி பார்த்தால் கண் வலிக்கிறது என்று அம்மா சொன்னதும், பின்னால் ஒட்டினால் கண்ணுக்கு நல்லது என்று அதே மாதிரி லைட் பட்டி ஒன்றை நீ அனுப்பினாய். சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் அதை ஒட்டி, கோயில் விளக்கு மாதிரி மஞ்சள் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் நாடகம் பார்ப்பாள். அவள் போனபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. பதினாறு நாளும் விளக்கு அணையக் கூடாதே, எண்ணெய் விளக்கை எலி தட்டிவிட்டால் லயத்து வீடு அத்தனையும் எரிந்து போய்விடும் என்று பயந்து, நான் பெரிய புத்திசாலி, இந்தப் பட்டியையே எரியவிட்டேன். கீழே மேசையில் இருந்த அம்மா படத்தையும் சுற்றி வரட்டும் என்று அதை வெட்டி, கம்பியை முறுக்கி, பிளாஸ்டர் ஒட்டி நீட்டினேன். வீடியோவில் உனக்குக் காட்டினேன். நான் வராவிட்டாலும் நான் அனுப்பிய வெளிச்சம் அம்மாவிடம் இருக்கிறது என்று நீ அழுதாய். பிறகு மழை பிடித்தது, தகரம் ஒழுகியது. டிவியில் தண்ணீர் படக் கூடாது என்று அம்மாவின் நைலோன் சேலையை எடுத்து மேலே மூடினேன். அடாப்டர் டிவிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் சுடுகிறது என்று தங்கச்சி சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலையில் நான் கடைக்கும் தங்கச்சி தண்ணீர் பிடிக்கப் பீலிக்கும் போயிருந்தோம். துக்க வீடு என்று கதவைத் திறந்தே போட்டிருந்தோம். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த பக்கத்துக் காம்பரா வீட்டுத் தெரேசம்மா புகையைக் கண்டு உள்ளே ஓடி, முதலில் அம்மா படத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். அப்புறம் மெயினை அணைத்து, எரிந்த சேலையை வெறும் கையால் இழுத்திருக்கிறாள். நைலோன் உருகி அவள் இரண்டு கையிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போதும் வலது கை விரல் மடங்கவில்லை, பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது. மல்லிகாக்கா படம் தப்பிச்சிருச்சுல்ல, போதும்ணே என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தங்கச்சிதான் இரண்டு வேளையும் அவளுக்குச் சோறு ஊட்டிவிடுகிறாள்.

போனில் கெமரா பழுது என்று நான் சொன்னது பொய். கருகிய சுவரை உனக்குக் காட்ட முடியவில்லை. வயர் பார்க்க வந்த கரண்ட் வேலை பாஸ், லைட்டில் குறையில்லை, அடாப்டர் காற்றுப்படாமல் துணிக்குள் கிடந்ததும், முறுக்கிய மூட்டும், ஓய்வே இல்லாமல் எரிந்ததும்தான் காரணம் என்றார். நீ அனுப்பிய சாமான் என்று உன்னை நீ நொந்துகொள்ளாதே, பாவம் முழுக்க என்னுடையது. இனி எங்கே இப்படி லைட் போட்டாலும் அடாப்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், மேலே ஒரு துணியும் படக் கூடாது, வெட்டி ஒட்டாதே, ஆள் இல்லாதபோதும் தூங்கும்போதும் அணைத்துவிடு. உன் அறையில் எட்டுப் பேர் படுக்கிறீர்கள். அங்கே ஓடி வர ஒரு தெரேசம்மா இல்லை.

அம்மா விளக்கு பதினாறு நாளும் எரிந்ததா என்று கேட்டாய், எரிந்தது என்றேன். எரியவில்லை மகன். கரண்டை வெட்டிவிட்டார்கள். தங்கச்சி எண்ணெய் விளக்கு ஏற்றப் போனாள், நெருப்புக் குச்சியைக் கண்டதும் நானே தடுத்துவிட்டேன். கடைசி மூன்று நாளும் உன் அம்மா இருட்டில்தான் இருந்தாள். அதற்காக அவள் என்னை மன்னிப்பாள். உனக்கு ஒன்று ஆனால் மன்னிக்க மாட்டாள்.

சாமி உன்னைக் காப்பாற்றட்டும். ஸப்வான் பக்கத்திலேயே நிற்பான், அவனிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் எழுந்து அந்த சுவிட்சை அணை. அழுவதாக இருந்தால் அதற்குப் பிறகு அழு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏழுமலை