முனியம்மாவின் முகமும் கள்ளுப்பானையும்

சிகாமட் ரப்பர் தோட்டம், 14 மார்ச் 1931, சனி இரவு.

எழுத வேண்டியவை:
1. துரை பிடித்த படம்.
2. முனியம்மா கேட்டது.
3. முகம் பொய் சொல்லாது என்பது.

தோட்டத்துத் துரை தாமே பிடித்த படத்தை இன்று ஆட்களுக்குக் காட்டினார். திரை நிறைய முனியம்மாவின் அழுத முகம். அதையடுத்து, வேறொரு நாள் பிடித்த, கவிழ்ந்து கிடக்கும் கள்ளுப்பானையின் காட்சியை ஒட்டியிருந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"கள்ளு கொட்டுனதுக்கா இந்த அழுவ, முனியம்மாக்கா?" என்று ஒருவன் கத்தினான்.

அவள் தோட்டத்துக் கணக்கெழுதும் என்னிடம் வந்தாள். "கிராணி ஐயா, அது எம்மவனப் பொதச்ச அன்னிக்கு அழுததுங்க. அந்தப் பானைய நான் பாக்கவே இல்லீங்க. நீங்க சொன்னா கேப்பாங்கய்யா."

துரை என்னைப் பார்த்தார். நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆட்கள் கேட்டதால் படத்தை மறுபடியும் ஓட்டினார்கள். இம்முறை அந்த முகத்தில் எனக்கும் கள்ளின் ஏக்கமே தெரிந்தது.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.