திருப்பிப் போட்ட செல்

இன்று காலை சுவர்க் கடிகாரத்துக்கு செல் மாற்றினேன். ஒரே ஒரு சின்ன செல்தான். அதிலிருக்கும் கூட்டல் குறியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளினேன். மருமகள் சிரித்தாள். முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவருக்கு இதற்கு இவ்வளவு யோசனையா என்று கேட்டாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். எனக்கு மெயின்டெனன்ஸ். உனக்குத் தோல் தரம் பிரிக்கும் மேஜை. ஆட்டுத்தோலில் உண்ணி கடித்த தடத்தையும் கத்தி பட்ட கீறலையும் நீ ஒரு பார்வையில் கண்டுபிடித்துத் தனியே வைப்பாய். நீ 'ஏ' என்று எழுதிவிட்டால் சூப்பர்வைசர் அதை மறுபடி புரட்டிப் பார்க்க மாட்டார்.

கம்பெனி கேட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டி உன் வீட்டுக்குப் போகும் வழியில் தெருவிளக்கு கிடையாது. பக்கத்திலேயே தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் ஓடும் கால்வாய். மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். மூன்று செல் போடும் எவர்சில்வர் டார்ச் ஒன்றை நீ சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருப்பாய்.

புது நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். டார்ச் மங்கிப்போய்விட்டது என்று சொல்ல ஆரம்பித்தாய். பல்பை மாற்றினேன். ரிஃப்ளெக்டரைத் துடைத்தேன். ஸ்பிரிங்கில் ஏறியிருந்த துருவைச் சுரண்டினேன். அப்போதும் போதவில்லை என்றாய். என் கண்ணுக்கு அது நன்றாகத்தான் எரிந்தது. உனக்கு மட்டும் ஏன் போதவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருநாள் முழங்காலில் காயத்தோடு வந்தாய். கால்வாய் ஓரத்தில் வழுக்கிவிட்டது என்றாய். அன்றும் நான் டார்ச்சைத்தான் வாங்கிப் பார்த்தேன்.

எல்.ஈ.டி. அப்போது நமக்குப் புதுசு. சென்னைக்குப் போனபோது வெள்ளை எல்.ஈ.டி. மூன்று வாங்கி வந்தேன். உன் பழைய பல்பின் கண்ணாடியை உடைத்து, பித்தளை அடியை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றையும் அதில் சால்டர் வைத்து ஒட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருட்டான குடோனுக்கு உன்னைக் கூட்டிப்போய் அடித்துக் காட்டினேன். சுவர் பால் போல வெளுத்தது. நீ சிரித்தாய். உன்னைவிட எனக்குத்தான் அன்று சந்தோஷம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல அன்று மறந்தேன். பழைய பல்புக்கு செல்லை எப்படிப் போட்டாலும் எரியும். எல்.ஈ.டி. அப்படி இல்லை. திருப்பிப் போட்டால் எரியாது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மழை நாள். வேலை முடிந்து கேட்டைத் தாண்டி வந்தோம். நீ டார்ச்சை எடுத்து, பட்டனைத் தள்ளி, எப்போதும்போல் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாய். வெளிச்சமே வரவில்லை. செல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"போன வாரம்தான் புதுசு போட்டேன். இன்னா வெளிச்சம்டா இது! பழசு இதுங்கிட்ட நிக்காது" என்றாய்.

விளையாடுகிறாய் என்று நினைத்து உன் முகத்தைப் பார்த்தேன். நீ விளையாடவில்லை. டார்ச்சை வாங்கித் திறந்தேன். மூன்று செல்லும் தலைகீழாக இருந்தன. ஒரு வாரமாக எரியாத டார்ச்சை நீட்டிக்கொண்டு, கால் பழக்கத்திலேயே நீ வீடு போய் வந்திருக்கிறாய்.

ரயில் பாதை ஓரத்தில் நின்று எல்லாம் சொன்னாய். ஓரங்கள் முதலில் போனதாம். நடுவில் ஒரு துவாரம் போல மிச்சம் இருக்கிறதாம். பகலில் ஜன்னல் பக்கம் தோலை வைத்தால் அந்தத் துவாரத்தில் தெரிகிறது, மீதியை விரல் பார்த்துக்கொள்கிறது என்றாய். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"ஆறு மாசம் பொறுத்துக்கடா. சின்ன பொண்ணு நர்சிங் முடிச்சிடுவா. அப்புறம் நீயே இட்டுனு போ. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா அந்த மேஜைல என்னை ஒரு நாள் வெச்சிருக்க மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. உன் மேஜைக்கு மேல் டியூப் லைட் இரண்டு கூடுதலாகப் போட்டேன். சாயங்காலம் உன் வீட்டு வாசல் வரை வந்தேன். கலர் ஷேடு பார்க்க வேண்டி வந்தால், ஒயர் பார்ப்பது போல வந்து நின்று உனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். ரொம்ப நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னவள் பரீட்சை முடித்த வாரமே வேலூருக்குப் போனோம், நீ, உன் மனைவி எஸ்தர், நான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதும் நிற்காது என்றார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாமாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

தெரியாது என்றேன். நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த மழைக்காலத்துக்குள் முழுவதும் போய்விட்டது. அதற்கு முன்பே மேஜையும் போயிருந்தது. சின்னவள் வேலைக்காகத் தூர தேசம் போனாள். அவள் முகத்தை நீ பிறகு பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் உன் வீட்டுக்கு வருவேன். நீ கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாய். நான் கம்பெனிக் கதை சொல்லுவேன். நீ கேட்டாயா என்று தெரியாது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். கடைசி வருஷத்தில், சர்க்கரையில் உன் கால் புண்ணாகிக் கிடந்தபோதுதான் கேட்டேன்.

நீ கோபப்படவில்லை. என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சொன்னாய்: "நான் சொல்லாதன்னுதான் சொல்லுவேன். பயந்துனு இருந்தவன் வேற இன்னா சொல்லுவான்? நீ என் பேச்ச கேட்டிருக்கக் கூடாதுடா."

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவில்லை. அடுத்த மாதம் உன்னை அடக்கம் செய்தோம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எஸ்தர் போன் செய்கிறாள். கடைசி வரைக்கும் கூட நின்றது நீங்கள் மட்டும்தான் அண்ணா என்கிறாள். எனக்கு முன்னாடியே தெரியும் என்பதை இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது, சின்னவள் எப்போது வருகிறாள் என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன்.