கோழி ரத்தம் பட்ட பாவாடை

அம்மா,

பக்கத்து வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாள். காலையிலிருந்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் மணக்கிறது. என்னைக் கூப்பிடவில்லை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளை யார் கூப்பிடுவார்கள்? ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், மணம் போகவில்லை.

சின்னப் பிள்ளையில் என் அடிவயிற்றில் வந்தது சதையில் வரும் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்தார்கள். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கோவில்பட்டி ஸ்டேஷனில் மதுரை ரயிலுக்கு நீ நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. கட்டி போயிற்று. "இவ பெரியவளாகுறது சந்தேகந்தான். வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னதை நீ உனக்குள்ளேயே புதைத்துக்கொண்டாய். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. "பொழச்சிட்டால்லா, இன்னும் என்னத்துக்கு?" என்பாய்.

பதினாறு முடிந்தும் நான் பெரியவளாகவில்லை. சித்திமார் ஜாடை பேச ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்புக்கு அறுத்த கோழியின் ரத்தத்தைத் தொட்டு என் பாவாடையில் தடவினாய். "ஏட்டி, வாயத் தொறந்த, கொன்னுபுடுவேன்." கயத்தாறு மாமா சீரோடு வந்தார். மைக்செட் கட்டினார்கள். எனக்கும் களி ஊட்டினாய், விழுங்கினேன். ஊரை ஏமாற்ற உனக்கு அவ்வளவு சமர்த்து, பாவி.

குளத்தூரில் கட்டிக்கொடுத்தாய். நீ சொல்லிக்கொடுத்தபடி அங்கேயும் மாதாமாதம் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தேன். பிள்ளை இல்லையென்று அவர் என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். கர்ப்பப்பை வளரவே இல்லை, அன்று வைத்த கரண்ட்தான் காரணம் என்றார் டாக்டர். எலும்பும் தேய்ந்திருந்தது. பெரியவளாகாத அந்த வயசிலேயே காட்டியிருந்தால் மாத்திரை கொடுத்து எலும்பையாவது காப்பாற்றியிருக்கலாமாம். வீட்டுக்காரர் என்னை பஸ் ஏற்றிவிட்டார். "ஒங்க அம்மைட்டயே இரு. அவியளுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

நம் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா என்னம்மா? இதுக்கா என்னப் பொழைக்க வச்ச?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த நீ தலை நிமிரவில்லை. "அன்னைக்கே செத்திருந்தின்னா ஒரு நாளு அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன்" என்றாய்.

அதன்பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நீ பொங்கினாய், நான் தின்றேன்.

எலும்பு வைத்தியத்துக்கு மதுரைக்கு இப்போது நானே போய்வருகிறேன். "கூட யாரும் வரலையா?" என்று நர்ஸ் கேட்கிறாள். உன்னைத் திட்டித் தீர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு நாள் அழுதால் எழுந்துவிடலாம் என்று நீ சொன்னதை நம்பித்தான் உன்னை எரிக்கக் கொடுத்தேன். நீ போய் எட்டு மாதமாகிறது. நான் இன்னும் எழுந்தபாடில்லை, அம்மா.