டாக்டர் வந்தாலும் உட்கார்ந்தே இரு

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதிவிட்டேன், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவும் உண்மையாகிவிடும்.

பார்சலில் ஸ்வெட்டருக்கு அடியில் வறுத்த மல்லாட்டையும் கேப்பை மாவும் இருக்கிறது பார், அங்கத்து வேர்க்கடலைக்கு நம்மூர் மல்லாட்டை ருசி வராது. விழுப்புரத்தில் வெயில் தாங்கவில்லை, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் யூனிஃபார்ம் நனைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை, உன் ரூம் ஃபேனையும் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று. நம்மை அக்கா தங்கையா என்று கேட்பாரே மளிகைக்கடை சீனுவாசன், தங்கச்சி லண்டன் போனதும் அக்கா பேசறதையே வுட்டுட்டாங்க என்கிறார்.

நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. உன் வார்டில் அந்தப் பெரியவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தையே டாக்டர் எழுத, நீ பார்த்தும் வாய் திறக்காமல் நின்றிருக்கிறாய், பக்கத்து நர்ஸ் கேட்டதால் அவர் தப்பினார். அடுத்த மாதம் விசாரணை, வேலை போய்விடுமோ என்று அழுதாய். டாக்டரையே எப்படிம்மா கேக்கறது என்றாய். டாக்டர் வந்தால் எழுந்து நில், கேட்டால் மட்டும் பேசு, நம் இரண்டு பேருக்கும் முதல் பாடம் அதுதானே. என் மேட்ரனுக்கு அவங்க மேட்ரன் சொன்னது, அவங்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார மேட்ரன் சொன்னது. சிஸ்டர் என்ற பேரும் தொப்பியும்கூட அவர்கள் விட்டுப்போனதுதான். இப்போது அவர்கள் ஊரில் டாக்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம், நாம் இன்னும் எழுந்து நிற்கிறோம். அவர்கள் சொல்லிக்கொடுத்த அடக்கத்துக்கு அவர்களே உன்னைக் குற்றம் சொல்கிறார்களே என்று கோபம் வருகிறது. ஆனால் அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கதையை அவர் மகளிடம் சொல்ல முடியுமா? அதனால் சாக்கு எதுவும் வேண்டாம். பயந்துட்டேன், இனிமே கேப்பேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல். உட்கார்ந்தே சொல்.

நேற்று டூட்டியில் நானே முயற்சி செய்து பார்த்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், கால் தானாக எழுந்துவிட்டது. இன்னாக்கா உக்காந்து எழுந்து ஆடிக்கினு இருக்க, சேர்ல ஆணி கீணி இருக்குதா என்றாள் கூட இருந்த ரோஜா. எனக்கு வரவில்லை, உனக்கு வரணும்.

மயிலம் முருகன் உன் பக்கத்திலேயே இருப்பான், நல்லா இருப்பே. பூச்சி விழறதுக்குள் மாவைக் கிண்டிச் சாப்பிடு. விசாரணை முடிந்ததும் எந்த நேரமானாலும் போன் பண்ணு, தலைமாட்டிலேயே வைத்திருப்பேன்.

உன் அம்மா
அம்சவள்ளி