மூன்றாவது பிரசவத்துக்குப் பணம் கிடையாது

ஜூன் 4
ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு இன்றும் தெருத்தெருவாகக் கத்திவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டால் பணம், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். தொண்டை கட்டிவிட்டது. நர்ஸ் வேலைக்குப் படித்தேனா, ஏலம் விடப் படித்தேனா?

ஜூன் 11
தையல்காரரின் மனைவி இரண்டு மாதமாகப் பரிசோதனைக்கு வரவில்லை. வீட்டுக்கே போனேன். இது மூன்றாவது. வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது. முந்தைய இரண்டுக்கும் தேதி தவறாமல் வந்தவள். வீட்டில் பிரசவம் வேண்டவே வேண்டாம் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"இதுக்கும் ஆஸ்பத்திரி வேணும்னா இதுக்கும் பணம் குடுத்திருப்பாங்களே, நர்ஸம்மா. ரெண்டுக்கு மேல உடம்பு பழகிடும், தேவையில்லைன்னுதானே நிறுத்திட்டாங்க."

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்களா? அந்தப் பணம் எதற்கு என்று ஒருநாளாவது சொன்னேனா?

ஜூன் 15
மறுபடி போனேன். வண்டிச் செலவை நானே தருகிறேன் என்றேன். அதுவே வினையாகிவிட்டது. எனக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டாமே என்றார் தையல்காரர், மெஷினை நிறுத்தாமல். உண்மைதான். ஆனால் மூன்றாவதுக்கு எனக்கும் கிடையாது என்றேன்.

"அப்புறம் உங்களுக்கு என்ன அக்கறை?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவள் மட்டும் வாசல் வரை வந்தாள். வலி எடுத்தால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள்.

ஜூன் 16
அனுப்புவாள். அனுப்பிவிடுவாள்.

ஜூன் 29
அனுப்பவில்லை. வீட்டிலேயே குழந்தை பிறந்து, அவளுக்கு வலிப்பு வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன். வழியிலேயே போய்விட்டாள். குழந்தை நன்றாக இருக்கிறது. பெண்.

கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும். பணம் பணம்னு கத்தினேனே, உயிர் போயிடும்னு ஒரு வார்த்தை கத்தினேனா? இனி யார்கிட்ட சொல்லி என்ன —

ஜூலை 6
மேலதிகாரி போன் செய்து பாராட்டினார். போன மாதம் என் பகுதியில் ஆஸ்பத்திரிப் பிரசவம் நூற்றுக்கு நூறாம். மூன்றாவது பிரசவம் கணக்கில் சேராது.

ஆகஸ்ட் 12
தடுப்பூசி நாள். நான் சுகாதார நிலையத்தின் கதவைத் திறக்க வரும்போதே அந்த மாமியார் படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. என் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், இதற்குப் பணம் கிடையாது என்று சொல்லித் தொலைத்தேன்.

"தெரியும்" என்றார். துணியை விலக்கிக் குழந்தையின் தொடையைக் காட்டினார்.