மணல் என்று எழுதப்பட்ட தெரு

ஜூன் 4, புதன்

வெயில். எண்ணூர்ப் புகை. கடல் காற்று விடுமுறையில். காலை வேலை: லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்தல். மனைவி தனம் இனிக் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம். சமையலறைக்கே குழாய் வரும் என்று நான் சக்கரவர்த்தி தோரணையில் அவளுக்கு வாக்குக் கொடுத்தும் அதே ஒரு வருடம்.

குடிநீர்த் திட்டம் எங்கள் மணல்மேட்டுத் தெருவின் வாசலில் நிற்கிறது. பொக்லைன் பல் இன்று மறுபடி உடைந்தது. சத்தம் இலங்கை வரை கேட்டிருக்கும். டிரைவர் ஏழுமலை குதித்து இறங்கினான்.

"இன்னா மாமு, மணல்னு சொல்லி இட்டாந்தானுங்க. உள்ள பாத்தா இரும்பு கீது!"

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ஏதும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். தூக்கம் சரியில்லை.

மூன்று வருடம் முன்பு ஜே.இ. வந்தார், மதிப்பீடு போட. நல்ல பையன், பொறியாளர். படிவத்தில் 'மண் வகை' என்று ஒரு கட்டம். குழி தோண்டிப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். தோண்ட ஆள் இல்லை, நாளும் இல்லை. என்னைக் கேட்டார். நான்தான் இந்தத் தெருவின் மன்னர் பரம்பரை ஆயிற்றே. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஆயுள் முழுக்க எடை போட்டவன்.

"பேர்லயே கீதே சார், மணல்மேடு! தோண்டிக்கினே போனா அமெரிக்காகாரன் காலு தட்டும். அதுவரிக்கும் மணல்தான்!"

பொய். பாதித் தெரு ஒரு காலத்தில் பள்ளம். உருக்காலைக் கிட்டத்தைக் கொட்டி நிரப்பியது. இரும்பை உருக்கியபின் மிஞ்சும் கசடு, பாறைக்குப் பங்காளி. எனக்குத் தெரியும். சொன்னால் செலவு ஜாஸ்தி என்று எங்கள் தெருவைத் தள்ளிவிடுவார்கள்.

ஜே.இ. என் முகத்தைப் பார்த்தபடியே பேனாவைத் திறந்தார். "மணல்னே போட்டுக்கலாம். தொகை கம்மியா இருந்தாத்தான் மேல பாஸ் ஆகும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த அப்புறம் வந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

சாரல். பள்ளத்தில் உப்புத் தண்ணீர். குடிக்க முடியாத தண்ணீருக்கு மட்டும் இங்கே பஞ்சமே இல்லை.

செலவு ஏறும் விதம், உலகம் அறியாத என் ஆராய்ச்சி:
- மணல் என்று எழுதிய இடத்துக்குப் பாறை உடைக்கும் மெஷின்.
- அதற்கு அனுமதி. வரும்வரை பொக்லைன் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும்.
- வரைபடத்தில் இல்லாத கரன்ட் கேபிள். நகர்த்த வேறு இலாகா, வேறு கடிதம்.
- கடிதம் நடந்து போய்த் திரும்புவதற்குள் குழாய் விலை பறந்திருக்கும்.

கடைசியில் 'திருத்திய மதிப்பீடு'. ஏற்கெனவே ஒன்று போயாயிற்று, இது இரண்டாவது, மேலே போய் ஒரு மாதம். முதல் கணக்கு தொட்டில் குழந்தை. இது ஏழு கடலையும் குடித்துவிட்டுத் தாகம் என்கிற பூதம்.

டீக்கடையில் எல்லாரும் லஞ்சம் என்கிறார்கள். இருக்கலாம். என் பொய்க்கு யாரும் பைசா தரவில்லை. தர்ம கைங்கரியம்.

ஜூன் 13, வெள்ளி

ஜே.இ. வந்தார். முகம் சுண்டியிருந்தது. திருத்திய மதிப்பீடு பாஸ். பெரிய குழாய் நேரே நகரத்துக்குள் போகும். செலவைப் பிடிக்கச் சில கிளைக் குழாய்கள் நீக்கம். எங்கள் தெரு, நீக்கம்.

"அடுத்த கட்டத்துல சேத்துடுவாங்க பெரியவரே."

"எப்ப சார்? என் பேரனோட அறுபதாங் கல்யாணத்துக்கா?"

தோண்டி எடுத்த கிட்டத்தையே திரும்பப் போட்டுப் பள்ளத்தை மூடினார்கள். தனம் ஜன்னலில் நின்றாள்.

"இன்னாய்யா, மெஷினு போவுது?"

"ரிப்பேரு" என்றேன். இன்னொரு பொய், அளவில் சிறியது.

ஜூன் 14, சனி

வெயில். தனத்தின் முழங்கால் பூசணிக்காய். பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீக்கியதை, ஏன் நீக்கினார்கள் என்பதை, அன்று நான் அளந்த மணலை. வசவுக்குக் காத்து நின்றேன். வரவில்லை.

"அன்னிக்கி உள்ள டீ போட்டுக்கினே எல்லாத்தையும் கேட்டுக்கினுதான்யா இருந்தேன். அந்தக் கிட்டத்த கொட்டுனதே எங்க நைனா வண்டிதான். எனுக்குத் தெரியாதா?"

"அப்போ இன்னாத்துக்கு மே கம்முனு இருந்த?"

"எனுக்கும் தண்ணி வோணும்ல?"