மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம்

என் அன்புக் கணவருக்கு,

நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். நீங்களும் நம் செல்லப் பெண் வாலுவும் அப்படியே இருக்க வேண்டும். கையில் போன் இருக்க, இவளுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். போனில் ஏன் பேச முடியவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் என்னைப் பைத்தியம் என்று சொல்லுங்கள்.

வேலை நிரந்தரமான செய்திதான் உங்களுக்குத் தெரியுமே. இனி நீங்களும் நம் பெண்ணும் இங்கேயே வந்துவிடலாம். அதற்குத்தானே இவ்வளவு பாடும். ஆனால் அது எப்படிக் கிடைத்தது என்று உங்களிடம் நான் மூச்சு விடவில்லை.

சேர்ந்த புதிதில் புள்ளியியலை நான் பலகைக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். கேள்வி கேட்பேன், யாரும் வாயைத் திறப்பதற்குள் நானே பதிலையும் சொல்லிவிடுவேன். உங்களிடம் சண்டை போடும்போது செய்வேனே, அதே கதைதான். மேடம் யாருக்கோ பாடம் நடத்துறாங்க, எங்களுக்கு இல்ல என்று மாணவன் ஒருத்தன் எழுதிக் கொடுத்துவிட்டான். துறைத்தலைவர் அதை எனக்கே படித்துக் காட்டினார். இந்தப் பருவம் முடிவதற்குள் வகுப்பு தேறாவிட்டால் வேலையை நீட்டிக்க முடியாது என்றார். தலைவலி என்று உங்களிடம் சீக்கிரம் போனை வைத்தேனே, அது அன்றைக்குத்தான்.

புது ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கவென்றே எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு அம்மா வருவார். கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து வகுப்பறையைப் படமாக வரைவார். நாம் யாரைப் பார்க்கிறோமோ அவருக்கு நம்மிடமிருந்து ஒரு கோடு. நான் அவருக்குப் பின்பெஞ்சு மேடம் என்று பெயர் வைத்தேன். தங்கமான மனுஷி. குறை சொல்வதற்கு முன்னால் தட்டில் இன்னொரு பிஸ்கட் வைப்பார். பிஸ்கட் வந்தாலே எனக்குப் பகீரென்று இருக்கும்.

அவர் சொன்ன முதல் வைத்தியம் இதுதான். ஒரு முகத்தைப் பிடிச்சுக்கோங்க, அதுக்குப் புரியிற வரைக்கும் நகராதீங்க, பழகினப்புறம் அடுத்த முகத்துக்குப் போங்க என்றார்.

பிடித்துக்கொண்டேன். மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம். என்ன அழகாகக் கேட்டது தெரியுமா அந்த முகம்! புரிந்தால் மெதுவாகத் தலையாட்டும். புரியாவிட்டால் லேசாகச் சாயும். சாய்ந்தால் நான் வேறு உதாரணம் சொல்வேன். அது தலையாட்டும் நேரத்தில் வகுப்பு மொத்தமும் ஓ, இதுதானா என்று நிமிர்ந்து உட்காரும். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் பழகிவிட்டேன், நம்புவீர்களா? வகுப்புக்குப் போவதே ஆசையாகிவிட்டது.

அடுத்த முறை வந்த மேடம், ரொம்ப முன்னேற்றம்மா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பிஸ்கட் வைத்தார். எல்லாம் சரி, அந்தக் காலி நாற்காலியையே ஏன் பாத்துப் பேசுறீங்க என்று கேட்டார். படத்தில் என்னிடமிருந்து கிளம்பிய கோடெல்லாம் ஜன்னல் ஓரத்தில் போய் நின்றது.

காலி இல்லைங்க, அங்கே ஒரு... என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. பையனா பெண்ணா, கண்ணாடி போட்டிருந்ததா, என்ன சட்டை, எதுவுமே நினைவில் இல்லை. அந்தத் தலையாட்டல் மட்டும்தான் இருந்தது. முன்வரிசைப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அங்க வெயில் அடிக்கும், யாரும் உக்கார மாட்டோம் மேடம் என்றாள். நீங்க அங்கயே பாக்குறதால நாங்களும் அப்பப்ப திரும்பிப் பாப்போம் என்றும் சொன்னாள். ஏதாவது தெரிந்ததா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மேடம் பயப்படவில்லை. புதியவர்கள் இப்படிச் சுவரையோ கடிகாரத்தையோ பிடித்துக்கொள்வது உண்டாம். அடுத்த வகுப்புக்கு நானே அந்த நாற்காலியில உக்காந்துக்கிறேன், பழக்கம் தன்னால போயிடும் என்றார். வந்து உட்கார்ந்தார். எனக்கு முகம் கிடைத்தது, அது தலையாட்டியது, வகுப்பு வழுக்கிக்கொண்டு போனது. அவரைத்தான் பார்த்தேன் என்று சத்தியமே செய்திருப்பேன். முடிந்ததும் அவர் பிஸ்கட் எல்லாம் வைக்கவில்லை. என்னை ஒருதரம்கூட நீங்க பாக்கல, நான் எப்பவும் உக்காருற கடைசி மூலையைத்தான் பாத்தீங்க என்றார். சொல்லிக்கொண்டே பேனா மூடியைத் தேடினார். மூடி அவர் கையிலேயே இருந்தது. அதற்கப்புறம் வகுப்பு எப்படிப் போகுது என்று அவர் போனில் கேட்பதோடு சரி.

வேறு அறை கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லைங்க. அந்த முகம் இல்லாவிட்டால் பழையபடி பலகையோடு பேசுவேன், வேலை போகும், நீங்கள் அங்கே நான் இங்கே என்றே காலம் ஓடும் என்று பயந்தேன். துறைத்தலைவர் வந்து உட்கார்ந்த அன்றைக்கு அது அவருக்கு அடுத்த நாற்காலியிலேயே இருந்தது. பிள்ளைங்க இப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்ல என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இனி நீங்கள் அறிந்த விஷயத்துக்கு வருகிறேன். செய்தி சொல்ல அன்று வீடியோவில் கூப்பிட்டேனே, நீங்களும் வாலுவும் சோபாவில் உட்கார்ந்திருந்தீர்கள். போனைச் சரியாப் பிடி என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அம்மா, நான் இங்க இருக்கேன், என்னைப் பாரு என்று குழந்தை கத்தினாள், கடைசியில் அழுதேவிட்டாள். நான் பார்க்க மாட்டேன் என்றா இருந்தேன்? எவ்வளவு முயன்றாலும் என் கண் அவளிடம் நிற்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், சோபாவின் ஓரத்தில், இடம் காலியாக இருந்ததல்லவா? வேலை கிடைச்சிடுச்சு என்று நான் சொன்னதும் உங்கள் இருவருக்கும் முன்னால் அங்கேதான் தலை ஆடியது.

அதனால்தான் போன் எடுக்கவில்லை. கோபம் இல்லைங்க, என் மேல் ஆணையாக இல்லை. பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் எனக்கு என்ன வேலை, என்ன நிரந்தரம்?

எனக்காக இதைச் செய்யுங்கள். சோபாவின் அந்த ஓரத்தில் துணி மூட்டையோ தலையணையோ ஏதாவது போட்டு வையுங்கள். பயணத்தில் பக்கத்து இருக்கையில் ஆள் இல்லையென்றால் உங்கள் பையை வையுங்கள், காலியாக விடாதீர்கள். இங்கே வந்ததும் வாலு என் தாடையைப் பிடித்து அவள் பக்கம் திருப்பட்டும். நான் திமிறினாலும் விட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

குழந்தைக்கு என் முத்தங்கள். பத்திரமாக வந்து சேருங்கள். இரண்டு பேர் மட்டும் வாருங்கள்.

உங்கள் வழியையே பார்த்திருக்கும்
மனைவி